பூச்சியமாம் மாதத்துக் காளை

என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு ஜல்லிக்கட்டு டோக்கன் ஒட்டியிருக்கிறது. காளை எண் நாற்பத்தொன்று. தேதி பதினேழு. மாதம் பூச்சியம். பார்க்கும்போதெல்லாம் இன்றும் வெட்கமாக இருக்கிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

அப்போது அவனியாபுரத்தில் ஒரு பட்டறையின் மாடியில் எங்கள் அலுவலகம். நான் நிரல் எழுதுவேன். அதில் தப்புக் கண்டுபிடிப்பது டெஸ்டர் அக்காவின் வேலை. திருமங்கலம் பக்கத்துக்காரர். அவர் ஊர் ஜல்லிக்கட்டில் கமிட்டிக்கு வேண்டியவர்களுக்கே காளை அவிழ்க்க டோக்கன் போகும். அவர் வளர்த்த காளை மூன்று வருடமாகத் தொழுவத்தை விட்டு நகரவில்லை. விழாக் கமிட்டியிடம் மல்லுக்கட்டி, பதிவை ஃபோனுக்கு மாற்ற வைத்தவரே அவர்தான். அதற்கான செயலியை எழுதியது எங்கள் அலுவலகம். அந்த வருடம் அவர் காளைக்கும் டோக்கன் கிடைத்தது, எண் நாற்பத்தொன்று. சந்தோஷத்தில் அதைப் படமெடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்.

கெடுத்தவன் நான். தேதி போடும் பகுதியைக் கடைசி நாளில் அக்காவிடம் காட்டாமலே சேர்த்தேன். தேதிக் கணக்குக்கு நான் எடுத்துக்கொண்ட லைப்ரரி, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த நிரல் தொகுப்பு, மாதத்தை எண்ணாகத் தரும். ஆனால் ஜனவரியைப் பூச்சியம் என்றுதான் எண்ணும். ஒன்றைக் கூட்டிப் போட வேண்டும். நான் கூட்டவில்லை. மாட்டுக்காரர்கள் கைக்கு எல்லா டோக்கனும் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

"ஊரே சிரிக்குது. அம்புட்டையும் ரத்துப் பண்ணிட்டுப் பழையபடி நாங்களே கொடுத்துக்கிறோம்" என்று குதித்தார் கமிட்டித் தலைவர்.

"அண்ணே, காளை நம்பரு சரியா இருக்குல்ல? மாசம் கெடக்கட்டும். வாசல்ல வம்பு வந்தா நான் பதில் சொல்றேன்" என்றார் அக்கா. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வம்பு வந்தது. அக்காவின் காளையோடு வாடிவாசலுக்குப் பின்னால் நாங்கள் வரிசையில் நின்றபோது ஒருவர் வேறொரு காளையைப் பிடித்துக்கொண்டு அதே நாற்பத்தொன்றாம் எண் டோக்கனை நீட்டினார். அதில் மாதம் ஒன்று. "எங்களுதுல மாசம் சரியா இருக்கு. அந்தப் பூச்சியந்தான் போலி" என்று அடித்துப் பேசினார். தலைவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அக்கா சிரித்தே விட்டார்.

"சரியா இருக்குல்ல, அதான்ணே போலி! நாங்க கொடுத்ததுல ஒண்ணுலகூட மாசம் சரியா இல்ல."

அக்கா அனுப்பிய படத்தைப் பார்த்துக் கள்ள டோக்கன் அடித்தவர் பாவம், பொறுப்பாகப் பிழை திருத்தியிருந்தார்! அதன்பின் மாதம் ஒன்றென்று வந்த இன்னும் நாலு டோக்கன் சிக்கியது. அக்காவின் காளை சீறிப் பாய்ந்தது. ஒருவர் கையும் அதன் திமிலில் நிற்கவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

இப்போது நான் வைத்திருக்கும் லைப்ரரி ஜனவரியை ஒன்று என்றே தருகிறது. அக்கா வேறு அலுவலகத்தில் இருக்கிறார். போன வாரம் அழைத்தார். சுவரிலிருந்த பூச்சியத்தைப் பார்த்தபடியே ஃபோனை எடுத்தேன்.

"இந்த வருசம் டோக்கன் வந்துருச்சுடா. மாசம் ஒண்ணுன்னு போட்டிருக்கு. எனக்கென்னமோ போலி மாதிரியே தெரியுது."