இளஞ்சிவப்புத் தலைகள் ஏழு

பல் மருத்துவமனையின் பின்கட்டில், ஜன்னலை ஒட்டிய மேசையில், பதினாறு வருடமாகப் பல்செட் செய்கிறவள் அவள். நோயாளிகளின் முகத்தை அவள் பார்ப்பதில்லை. அவர்களுடைய ஈறுகளின் அச்சு மட்டும் அவளிடம் வரும். வாரத்தில் ஆறு நாள் அந்த வேலை, சனிக்கிழமை மட்டும் அரைநாள். ஏழாவது நாள் போருக்குப் போய்விடுவாள்.

போர்க்களம் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. எட்டடி மேசை, அதன்மேல் வயலுக்குப் பச்சைத் துணி, ஆற்றுக்கு நீலத் துணி, நடுவில் மரத்துண்டால் ஒரு பாலம். ஞாயிறு காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, சுண்டுவிரல் நீளப் பிளாஸ்டிக் சிப்பாய்களை அளந்து நகர்த்துவார்கள். யார் விழுந்தார், யார் நின்றார் என்பதைப் பகடை சொல்லும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் விதியை ஒப்புக்கொண்டு, தோற்றால் தோற்றேன் என்று சொல்லி எழுந்து போகிற பெரியவர்களை வேறு எத்தனை இடங்களில் பார்க்க முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இரண்டு வருடமாக அவள் அடுத்தவர்களின் சிப்பாய்களைத்தான் நகர்த்திக்கொண்டிருந்தாள். கட்டளையிட வேண்டுமானால் சொந்த அணி வேண்டும். இருபத்து நான்கு பேர், எல்லோரும் முழுசாக, வண்ணம் பூசியவர்களாக. ஒருவன் குறைந்தாலும் அணி இல்லை. அதுவும் அடுத்து வரப்போவது பழைய பொம்மைகளுக்கான போர். முப்பது வருடத்துக்கு முந்தைய சிப்பாய்கள் மட்டும். வருடத்துக்கு ஒருமுறைதான் வரும்.

பழைய சாமான் கடையில் துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து, கடைக்காரர் முன்னாலேயே எண்ணிப் பார்த்தபோது சரியாக இருபத்து நான்கு பேர் இருந்தார்கள். எல்லோரும் அந்தக் காலத்துச் சிப்பாய்கள். கேட்ட விலையைக் கொடுத்து டின்னோடு வாங்கி வந்தாள்.

நான்கு வாரம் வேலை நடந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அழுக்கெடுத்தாள். வளைந்த துப்பாக்கிகளைச் சுடுதண்ணீரில் காட்டி நிமிர்த்தி, நிமிர்ந்த சூட்டிலேயே குளிர்ந்த தண்ணீரில் முக்கினாள். தலைகள்தான் பாக்கி. யாரோ ஒரு குழந்தை எல்லாத் தொப்பிக்கும் முகத்துக்கும் சிவப்பு நகப்பாலிஷ் அடித்து வைத்திருந்தது.

நகப்பாலிஷுக்கு என்ன, அதை எடுக்கிற திரவம் இருக்கிறதே. சனிக்கிழமை மதியம் ஒருவனை மட்டும் கழுத்துவரை தலைகீழாக முக்கிப் பார்த்தாள். பாலிஷ் கழன்று, முகம் புத்தம்புதிதாக வந்தது. மூக்குகூடத் தெரிந்தது! உடனே தட்டில் திரவத்தை ஊற்றி, மிச்சமிருந்த இருபத்து மூன்று பேரையும் தலைகீழாக நிறுத்திவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

ஒருவனைச் சோதித்தால் ஒருவனைத்தான் சோதித்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஒரே டின்னில் வந்தவர்கள் ஒரே பொருளால் ஆனவர்கள் என்று மனசு தானாகவே முடிவு கட்டிவிட்டது. பதினேழு பேர் வளைந்து கொடுக்கிற மெத்தென்ற பிளாஸ்டிக். ஏழு பேர் கெட்டிப் பிளாஸ்டிக். மெத்தென்றதை அந்தத் திரவம் ஒன்றும் செய்யாது. கெட்டியானதைக் கரைத்துக் குடித்துவிடும்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தபோது, அவள் சமையல் மேடை முன்னால் அசையாமல் நின்றிருந்தாள்.

"என்னாச்சு? பால் பொங்கிடுச்சா?"

"ஏழு பேருக்குத் தலை போச்சுங்க."

அவர் தட்டைக் குனிந்து பார்த்தார். உடம்பு, கால், துப்பாக்கி எல்லாம் அப்படியே. கழுத்துக்கு மேலே மெழுகு உருகி வழிந்த மாதிரி ஏதோ ஒன்று.

"நம்ம மேனேஜர் மாதிரியே இருக்கான் இவன்," என்றார்.

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. நாளைக்குப் பத்து மணிக்குப் போர். பதினேழு பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"பல்லு இல்லாதவங்களுக்குப் பல்லு வெக்கிற. தலை இல்லாதவனுக்குத் தலை வெக்க மாட்டியா?"

அவர் கேலியாகத்தான் சொன்னார். அவள் அவரையே பார்த்தாள். அடுத்த நிமிடம் சிப்பாய்களை டின்னில் அள்ளிக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற? டீயாவது போட்டுக் குடுத்துட்டுப் போ."

"நீங்களும் வாங்க. சாவி என்கிட்டதான் இருக்கு. டீ அங்க போட்டுக்கலாம்."

பின்கட்டு மேசையில் அவள் கை அவளுக்கு முன்னால் ஓடியது. ஈறு அச்செடுக்கிற மாவைப் பிசைந்து, நல்ல தலையுள்ள ஒருவனை அதில் அழுத்தினாள். மாவு இறுகியதும் உரித்தாள். உள்ளே பட்டாணி அளவுக்கு ஒரு குழி, அதற்குள் மூக்கு, மீசை, தொப்பியின் மடிப்பு எல்லாம் இருந்தன. பல்செட் பவுடரையும் திரவத்தையும் குழைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். கால்மணி நேரம் காத்திருக்க முடியாமல் அறையை நாலு சுற்று சுற்றினாள்.

பிதுக்கியதும் முதல் தலை உள்ளங்கையில் விழுந்தது. ஈறு நிறத்தில், இளஞ்சிவப்பாக, மீசையோடு.

"வந்துடுச்சுங்க! பாருங்க, மீசை! மீசை வந்துடுச்சு!"

"கத்தாதே, மருத்துவமனை இது," என்றார் அவர். ஆனால் அவர் குரலும் மேலேதான் இருந்தது.

அதே குழியில் மிச்ச ஆறு தலைகளையும் வார்த்தாள். உருகினதை அரைத்தெடுத்து, கழுத்தில் துளையிட்டு, பல்செட் கிளிப்புக்கு வைக்கிற கம்பியில் ஒரு துண்டை நறுக்கிச் செருகி, தலையை ஒட்டினாள். ஏழு பேருக்கும் ஒரே முகம். அது உறுத்தியதால் ஒருவனை இடப்பக்கமும் ஒருவனை வலப்பக்கமும் பார்க்க வைத்தாள்.

"இவன் பின்னாடி திரும்பிப் பாக்குறானே. ஓடப் போறானா?"

"கூட வர்றவங்க வர்றாங்களான்னு பாக்குறான். உங்கள மாதிரி இல்ல அவன்."

நள்ளிரவுக்குள் வீட்டில் வண்ணம் பூசி முடித்தார்கள். முடி உலர்த்துகிற மெஷினைப் பிடித்துக்கொண்டு அவர் ஒவ்வொருவனாக உலர்த்தினார். வரிசையில் நிறுத்தியபோது புதுத் தலை எது, பழைய தலை எது என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம், ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்தது.

மறுநாள் மாடிக்கூடத்தில் எதிரணித் தலைவரான தையல்கடை டைலர் வாய் பிளந்து அவள் அணியைப் பார்த்தார். "அக்கா, பிரமாதம்க்கா! எங்கிருந்து பிடிச்சீங்க?"

நடுவர் ஓய்வுபெற்ற நில அளவையர். எதைக் கண்டாலும் அளப்பதால் அவருக்கு ஸ்கேல் சார் என்று பெயர். அவர் எண்ணி முடித்து, இருபத்து நான்கு என்று எழுதப் போன நேரத்தில் அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், ஏழு பேருக்குத் தலை புதுசு. நேத்து நான் வார்த்தது."

டைலர் முதலில் துள்ளினார். "அப்ப பழைய சிப்பாய் இல்லையே! தலையே புதுசுன்னா ஆளே புதுசுதானே சார்? அக்கா, கோவிச்சுக்காதீங்க, விதின்னா விதி."

"தம்பி, உங்க தளபதி கைல இருக்கிற வாள் யாரு செஞ்சது?" என்று அவள் கேட்டாள்.

"அது... ஊசிய உடைச்சு நான்தான். ஆனா அது வாள்தானேக்கா, தலை இல்லையே!"

ஸ்கேல் சார் புதுத்தலைக்காரன் ஒருவனை எடுத்துக் கண்ணாடிக்கு அருகில் பிடித்தார். எந்த இடத்தில் பழையவன் முடிந்து புதியவன் தொடங்குகிறான் என்று தேடுகிறவர்போல மெல்லத் திருப்பினார்.

"காலு பழசாம்மா?"

"பழசு சார்."

"நிக்கிற பீடம்?"

"எல்லாம் அப்படியே சார். தலை மட்டும்தான்."

"நம்ம ஆட்டத்துல அளக்குறது எதை?" என்று அவர் டைலரைக் கேட்டார். "பீடத்துலேருந்து பீடத்துக்கு. முப்பது வருஷமா தலையை யாரும் இங்க அளந்ததில்ல. பீடம் பழசுன்னா ஆளு பழசு. உன் வாளுக்கும் அதே விதிதான், சந்தோஷப்படு."

நல்லது என்றோ அழகு என்றோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏட்டில் எழுதினார்: இடது அணி, இருபத்து நான்கு. பக்கத்தில், கட்டளை என்ற கட்டத்தில், பல்செட் அம்மா.

அவள் அதை ஒருமுறை படித்தாள். பிறகு குனிந்து அளவு நாடாவைப் பாலம் வரைக்கும் இழுத்தாள். முன்வரிசையில் இரண்டு புதுத்தலைக்காரர்களை வேண்டுமென்றே நிறுத்தினாள்.

"இடது அணி, பாலத்துக்கு! ஆறு இஞ்ச்!"

"மெதுவாம்மா, எல்லாருக்கும் காது இருக்கு," என்றார் ஸ்கேல் சார்.

"இருங்கக்கா, என் ஆளுங்களை இன்னும் சரியா நிறுத்தவே இல்ல," என்று டைலர் பதறினார்.

"நீங்க நிறுத்துற வரைக்கும் என் ஆளுங்க காத்திருக்க மாட்டாங்க தம்பி. பகடையைக் குடுங்க."