உப்பில் எழுந்த அலை

மின்விசிறிக் காற்றில் மேசையில் சிந்திய உப்பு நகர்ந்தது. உடனே என் அக்கா, ராத்தா, செய்த கடல் நினைவுக்கு வந்தது.

யுத்தம் முடிந்திருந்த காலம். யுத்தத்தில் விரட்டப்பட்டு உம்மா மன்னாரை விட்டு வள்ளத்தில் வந்த கதையை, பிறகு நாங்கள் குடியேறிய தில்லையடி வீட்டில் ராத்தா தனியாளாகக் கார்ட்டூன் படமாக்கினாள். கறுப்புத் துணியில் உப்பால் கடலும் வள்ளமும். ஈர்க்கால் கொஞ்சம் நகர்த்துவாள், ஃபோனில் ஒரு படம் எடுப்பாள், மறுபடி நகர்த்துவாள். அந்தப் பொறுமை வேறு யாருக்கு வரும்? எனக்கு மூச்சு விடவும் பயம்.

"ஃபேனைப் போடாதீங்க வாப்பா, கடல் பறந்திடும்."

"ஓம் மகள்." வியர்வை வழிய இருந்த வாப்பா, ஒருநாள் அடக்க முடியாமல் தும்மிவிட்டார். உப்பு சிதறியது. அவர் முகம் வெளிறிப் போனது.

ராத்தா குனிந்து பார்த்தாள். "அசையாதீங்க வாப்பா, நல்ல அலையொண்டு வந்திருக்கு," என்று அதையும் படம் பிடித்தாள்.

வாப்பா இப்போது இல்லை, மௌத்தாகிவிட்டார். படத்தில் அந்த அலை எழும்போதெல்லாம், தும்மியவருக்கு 'அல்லாஹ் உங்களுக்கு அருள் செய்யட்டும்' என்று சொல்லும் "யர்ஹமுகல்லாஹ்" இன்றும் என் வாயில் தானாக வருகிறது.