அண்ணியின் பெயரில் எட்டு மாதம்

1998 ஆகஸ்ட் 21, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு அகஸ்டினா வெளியே போய்வர அனுமதிக்கும் ஏழு நாள் பாஸைக் கையில் பிடித்துக்கொண்டு வவுனியா முகாமின் வாசலில் நின்றாள். அவளுடைய தாய் இறந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. தந்தி மூன்றாம் நாளே வந்துவிட்டது. பாஸ் கிடைக்கத்தான் மேலும் ஒன்பது நாள் பிடித்தது. தாய் இருந்த தேயிலைத் தோட்டத்தில் பிணத்தை அவ்வளவு நாள் வைத்திருக்க மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், பாஸ் எழுதிய உத்தியோகத்தருக்கும் தெரியும்.

பாஸுக்கு ஒரு பிணையாள் வேண்டும். பக்கத்துக் கொட்டிலில் இருந்த குணமணி கையெழுத்து வைத்தாள். அகஸ்டினா சொன்ன நாளில் திரும்பாவிட்டால் குணமணிக்கு இனிப் பாஸ் இல்லை. திருகோணமலையில் இருக்கும் மகளைப் பார்க்க அவளும் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"அடுத்த வெள்ளி வந்திடுவாய்தானே?"

"வந்திருவேன் அக்கா."

"குளிசை?"

"ஏழு நாளைக்குக் குடுத்திருக்காங்க."

"ஏழு நாளைக்குத்தான் இருமல் வருமெண்டு அவைக்கு ஆர் சொன்னது?" என்று குணமணி சிரித்தாள். அகஸ்டினா சிரிக்கப் போய் இருமினாள்.

அகஸ்டினா மலைநாட்டில், பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவள். எழுபத்தேழு இனக்கலவரத்தின்போது ஒன்பது வயதில் மாமன் குடும்பத்தோடு கிளிநொச்சிக்குப் போனாள். தாயும் அண்ணன் கபிரியேலும் தோட்டத்திலேயே தங்கிவிட்டார்கள். அவள் கிளிநொச்சியில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் ஆனது. தொண்ணூற்றாறில் இராணுவம் வந்து எல்லாரும் ஓடியபோது, விட்டுவந்த சைக்கிளை எடுத்து வருகிறேன் என்று போன புருஷன் வரவில்லை. அதன் பிறகு நான்கு இடம் மாறி முகாமுக்கு வந்து சேர்ந்தாள். பதினொரு குடும்பம் இருந்த ஒரே கொட்டகையில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவளும் இருமினாள். சளியைச் சோதித்துவிட்டு காசநோய் என்றார்கள். அன்று வாசலில் நின்றபோது இரண்டு மாத மருந்து முடிந்திருந்தது. ஆறு மாதம் மீதியிருந்தது.

அந்தத் தோட்டத்தின் மருந்துச்சாலையில் என் அப்பா இரகுநாதன் வைத்திய உதவியாளராக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் எல்லாரும் டாக்டரையா என்பார்கள், நான் டாக்டரையா மகள். அகஸ்டினா வந்தபோது எனக்கு வயது பதினைந்து. இதில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை, நான் எட்டு வருடம் வெளிநாடுகளில் அலைந்துவிட்டு வந்த பிறகு, அவளே பசறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரித்தபடி சொன்னாள்.

திரும்பிப் போகாததற்கு அவளிடம் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆறாம் நாள் காய்ச்சல். ஏழாம் நாள் பாஸ் முடிந்தது. எட்டாம் நாளிலிருந்து போவதும் குற்றம், இருப்பதும் குற்றம் என்றாகிவிட்டது. "களைச்சுப் போயிருந்தேன் பாப்பா, அவ்வளவுதான்" என்றாள்.

ஆனால் மாத்திரையும் ஏழாம் நாளோடு தீர்ந்தது. மருந்துச்சாலைக்குப் போனால் முகாமின் முத்திரை குத்திய மருந்து அட்டையைக் காட்ட வேண்டும். அதையோ முகாமிலேயே குணமணியிடம் விட்டுவந்திருந்தாள். இருந்திருந்தாலும் காட்ட முடியாது. வடக்கிலிருந்து வந்த ஆளைப் பதியாமல் வீட்டில் வைத்திருந்தால் பொலிஸ் முதலில் கபிரியேலைத்தான் கேட்கும். அது தவிர, தோட்டத்து மருந்து, செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும்தான்.

வழி சொன்னது கபிரியேலின் மனைவி இன்னாசியம்மா. தோட்டத்தில் ஒருத்திக்குக் காய்ச்சலென்றால், அவள் தங்கையோ நாத்தனாரோ கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் பெயரில் மலைக்குப் போவது வழக்கம். கங்காணிக்குத் தெரியும், தெரியாத மாதிரி எழுதிக்கொள்வார். செக்ரோலில் பெயர் விழுந்தால் சரி. கொழுந்தைப் பறித்தது எந்தக் கை என்று யாரும் கேட்பதில்லை. மருந்தும் அப்படித்தான் என்று இன்னாசியம்மா நினைத்தாள்.

"எம்பேரச் சொல்லி வாங்கிக்க அகஸ்டி. எனக்குத்தான் ஒரு வருத்தமும் நோவும் இல்லையே, எம்பேரு சும்மாதானே கெடக்கு."

மருந்துச்சாலையில் அப்பா பேனையை எடுத்துக்கொண்டு கேட்டார்: "பெயர்?"

"இன்னாசியம்மாங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். இன்னாசியம்மாவின் இரண்டு பிள்ளைகளும் அவர் கையில்தான் பிறந்தன.

"வயசு?"

அகஸ்டினா யோசித்தாள். வாசலில் நின்ற இன்னாசியம்மா, "முப்பத்தஞ்சுங்க" என்றாள்.

அப்பா எழுதினார். நெஞ்சைக் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, பட்டணத்துக் கிளினிக்குக்கு ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். முன்பு மருந்து எடுத்ததுண்டா என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று போட்டார். ஆகவே, முடித்த இரண்டு மாதமும் வீணாகி, எட்டு மாதம் முதலிலிருந்து தொடங்கியது.

மாதம் ஒரு நாள் கிளினிக். அன்றைக்கு அகஸ்டினா அண்ணியின் சேலையைக் கட்டிக்கொண்டு பதுளை பஸ்ஸில் போவாள். இன்னாசியம்மா வேலைக்குப் போக முடியாது. ஒரே ஆள் மலையிலும் கிளினிக்கிலும் இருக்கக் கூடாதல்லவா? தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், தங்கள் ஒற்றை அறைக் காம்பராவை உள்ளே பூட்டிக்கொண்டு இருப்பாள். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்டுக் கதவைத் தட்டினாள்.

"இன்னைக்கு நான் பட்டணம் போயிருக்கேன்டி, தட்டாத!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

தொண்ணூற்றொன்பது மே மாதம், மருந்துக் குறிப்பு எழுதும் கிளினிக் கொப்பியில் 'சுகம்' என்று எழுதினார்கள். இன்னாசியம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் புருஷனிடம், "எனக்குச் சுகமாயிருச்சாம். போய் நல்ல மீனா வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அகஸ்டினா அங்கேயே தங்கினாள். தண்ணீர் எடுத்தாள், விறகு உடைத்தாள், சில நாள் அண்ணியின் கூடையோடு மலைக்கும் போனாள். லயத்துப் பக்கம் புது ஆள் யாராவது வந்தால் தேயிலைக்குள் இறங்கிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனதில்லை. குணமணிக்கு எழுத எத்தனையோ தரம் நினைத்தாள். கடிதத்தை யார் உடைத்துப் படிப்பார்களோ என்று எழுதவில்லை. "அந்த அக்கா மகளப் பாக்க முடியாமப் போனது என்னாலதான்" என்று அடிக்கடி சொல்வாளாம். அதற்கு இன்னாசியம்மா, "போதும், சோத்தத் தின்னு" என்பாளாம்.

இரண்டாயிரத்தொன்று ஜனவரியில் இன்னாசியம்மா இருமத் தொடங்கினாள். மழைக்கு ஒழுகும் தகரம், வெளியே போக வழியில்லாத அடுப்புப் புகை, ஐந்து பேர் படுக்கும் ஒரே காம்பரா. இரண்டரை வருடத்துக்கு முன் அகஸ்டினா இருமியபோது பக்கத்தில் படுத்தவள் அவள்தான்.

கிளினிக்கில் பழைய கொப்பியை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே தமிழில் பேசி உதவும் தாதி ஜெனீரா சொன்னாள்: "உங்களுக்கு ஏற்கெனவே ஒருதரம் வந்து சுகமாகியிருக்கு. ரெண்டாம் தரம் வந்தா குளிசையோட ஊசியும் போடணும். ரெண்டு மாசம், நாள் தவறாம."

இன்னாசியம்மா தலையாட்டினாள். வேறென்ன சொல்வது? ஊசி தோட்டத்து மருந்துச்சாலையில். போட்டவர் என் அப்பா. அந்தக் கொப்பியின் முதல் பக்கம் யாருடையது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் போட்டார். இதை நான் அவரிடம் பிறகு கேட்டிருக்கிறேன். முந்திய ஒக்டோபரில் பண்டாரவளையில் புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர்களைக் கும்பல் அடித்துக் கொன்றதிலிருந்து வீட்டில் யாழ்ப்பாணத் தமிழில் உரத்துப் பேசுவதைக்கூட நாங்கள் விட்டிருந்தோம். "பயம்தான், வேறென்ன?" என்றார்.

ஊசி தொடங்கி இரண்டு வாரத்துக்குப் பிறகு இன்னாசியம்மா வேலைக்கு இறங்கினாள். ஒரு நாள் காலை கோப்பித் தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னாங்க, பெக்டரி இப்ப விடிய விடிய ஓடுதா? காதுக்குள்ள ஒரே இரைச்சல்" என்றாள்.

"பெக்டரி மூனு நாளா நிக்குது" என்றான் கபிரியேல்.

அடுத்த வாரம், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில், கங்காணி அவள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். பதிலில்லை. "என்ன இன்னாசி, மகாராணிக்குப் பதில் சொல்ல வேற ஆள் வைக்கணுமோ?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். இன்னாசியம்மாவும் கூடச் சிரித்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை என்பதை அகஸ்டினா பார்த்தாள். அன்று அவளும் கூடை தூக்கிப் போயிருந்தாள்.

நேரே அப்பாவிடம் வந்தாள். நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, எனக்கு இந்த ஊசி போடலியே. அண்ணிக்கு மட்டும் ஏன்?"

"உமக்கு முதல்தரமெண்டு கொப்பி சொன்னது, பிள்ளை. அவவுக்கு ரெண்டாம் தரமெண்டு சொல்லுது."

"காது?"

"இந்த மருந்து சில பேருக்குக் காதில போகும்."

"நிப்பாட்டினா வந்துருமா?"

"போனது வராது. மிச்சம் நிக்கலாம்."

"யாரு நிப்பாட்டணும்?"

"கிளினிக்கில. முதல் வருத்தம் அவவின்ரை இல்லையெண்டு ஆரும் போய்ச் சொன்னால்..."

இதைக் கேட்ட கபிரியேல், "இன்னும் மூனு வாரந்தானே, பொறுத்துக்கலாம். பொலிசு வந்தா என்னையத்தான் தூக்குவான்" என்றான். இன்னாசியம்மாவிடம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவளும், "ஊசிதானே, குத்துனா குத்திட்டுப் போகட்டும். நீ வாயத் தொறக்காத" என்றாள். அகஸ்டினா வாயைத் திறக்கவில்லை. ஒன்பது நாள். ஒவ்வொரு காலையும் அண்ணியை மருந்துச்சாலைக்குக் கூட்டிவந்து, வெளியே காத்திருந்து, கூட்டிப்போனாள். அந்த ஒன்பது நாளைப் பற்றிச் சொல்லும்போதுதான் பசறையில் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

பத்தாம் நாள் காலை, ஊசி போட்டுவிட்டு வெளியே வந்த இன்னாசியம்மா குடிகாரனைப் போலத் தள்ளாடி, நான்கு படியும் உருண்டு விழுந்தாள். முழங்கை கிழிந்தது. நான்தான் தண்ணீர் கொண்டு போனேன். "படி எங்க போச்சு?" என்று அவள் கேட்டாள். அகஸ்டினா கீழே கிடந்த கொப்பியை எடுத்தாள். அண்ணியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, வேலைச் சேலையோடு அப்படியே பதுளை பஸ்ஸில் ஏறினாள்.

கிளினிக்கில் ஜெனீராவிடம் கொப்பியின் முதல் பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இது என்னோட வருத்தம் மிஸ். அண்ணிக்கு இப்பத்தான் மொதத் தரம்."

ஜெனீரா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னாள். டாக்டர் கேட்டது ஒன்றுதான்: எத்தனை ஊசி போட்டாயிற்று? ஜெனீரா கொப்பியைப் பார்த்து, நாற்பத்தாறு என்றாள். டாக்டர் ஊசியை வெட்டிவிட்டார். காதுச் சோதனைக்கு ஒரு துண்டு எழுதினார். பிறகு அகஸ்டினாவைக் காட்டி ஏதோ கேட்டார்.

"உங்க சொந்தப் பேர் என்னவாம்?"

"அகஸ்டினா."

ஒரு புதுக் கொப்பியில் அதை எழுதினார்கள்.

"பொலிசுக்குச் சொல்லுவீங்களா மிஸ்?"

"ஏன், பொலிசுக்கும் இருமலா?" என்றாள் ஜெனீரா.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வரும் வழியெல்லாம் அகஸ்டினா பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். இன்னாசியம்மா, "என்னாதான் சொன்னாங்க? என்னாதான் சொன்னாங்க?" என்று பஸ் முழுக்கக் கேட்க விசாரித்துக்கொண்டே வந்தாளாம்.

இன்னாசியம்மாவின் இருமல் போனது. தள்ளாட்டமும் சில மாதத்தில் நின்றது. வலது காது போய்விட்டது. இடது காதில், கிட்ட நின்று கத்தினால் கேட்கும். பெரட்டில் அவள் பெயர் வரும்போது பக்கத்தில் நிற்பவள் தோளில் தட்டுவாள்.

கதை தோட்டத்து அலுவலகமான கந்தோருக்கும் எட்டியது. அப்பாவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதிவில்லாத ஆள் லயத்தில் இருக்கக் கூடாது என்றார்கள். அகஸ்டினா பசறைக்குப் போய், ஜௌபரின் சாப்பாட்டுக் கடையில் சமையலுக்குச் சேர்ந்தாள். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு வந்த சமாதான காலத்தில் பொலிஸில் பதியப் போனபோது இரண்டு புகைப்படம் மட்டும் கேட்டார்கள். ஞாயிறு தோறும் லயத்துக்கு வந்து அண்ணிக்குத் தலை வாரி, வாரத்துக் கதைகளை இடது காதில் கத்திச் சொல்லிவிட்டுப் போவாள்.

2009 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே போயிருந்தேன். கபிரியேலின் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அந்த மரணத் தந்தியில் இருந்த விலாசம். அகஸ்டினா பிரித்து, கடைசியில் இருந்த பெயரைப் பார்த்ததும் என்னிடம் நீட்டினாள். "நீயே வாசி பாப்பா."

"எனக்கும் கேக்கணும்" என்றாள் இன்னாசியம்மா. அதனால் நான் அவள் இடப்பக்கம் உட்கார்ந்து, லயம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.

"அகஸ்டினாவுக்கு, குணமணி எழுதுவது. நான் திரும்பவும் வவுனியாவில் முகாமில இருக்கிறன். இது வேற முகாம். சமாதான நேரம் வன்னிக்குத் திரும்பிப் போனனான், சண்டை முடிய இஞ்ச கொண்டுவந்து விட்டவை. நீ போன எட்டாம் நாள் பாஸ் கந்தோரில என்னைக் கேட்டவை. நீ மலைநாட்டில செத்துப் போனாய் எண்டு சொல்லிப்போட்டன். செத்த ஆளுக்குப் பிணை தேவையில்லைத்தானே. அந்த வருசமே பாஸ் தந்தவை, மகளைப் பாத்திட்டன். அதால நீ என்னை நினைச்சு யோசிக்காதை. கிளினிக் மிஸ் உன்ரை அட்டையைப் பாத்து அழுதவ. அவவுக்கும் நான் உண்மை சொல்லேல்லை. சமாதான நேரம் உனக்கு எழுதியிருக்கலாம், சொன்ன பொய் வெளியில வந்திடுமெண்டு பயத்தில எழுதேல்லை. உன்ரை அட்டையை இவ்வளவு காலமும் வைச்சிருந்தனான். இந்த மே மாதம் கடைசிச் சண்டையில தண்ணிக்குள்ளால வரேக்கை மற்றதுகளோட அதுவும் போட்டுது. உயிரோட இருந்தால் ஒரு வரி எழுது. இருமல் விட்டுட்டுதோ?"