தார்க்குச்சியின் பிசிறு

காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு பட்டறையில், தறிக்கு ஊடை நூல் சுற்றும் பிளாஸ்டிக் தார்க்குச்சிகளை வார்த்துக்கொண்டிருந்தோம். குச்சியோரப் பிசிறில் பட்டு நூல் அறுகிறதென்று ஒரு நெசவாளர் மூட்டையாகத் திருப்பிக் கொண்டுவந்தார்.

முதலாளி, பிசிறு சீவும் அக்காவிடம் பாய்ந்தார். "தூங்கிக்கினே சீவுனியாம்மா? நாளைக்கு வராத."

"சீவச் சீவ வருதுண்ணா. மோல்டப் பாத்துட்டு என்னைத் திட்டுங்க."

திறந்து பார்த்தேன். குச்சி வார்க்கும் அந்த மோல்டின் இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பில் பள்ளம். அதன் வழியாகத்தான் பிளாஸ்டிக் கசிந்திருக்கிறது. முந்தின வாரம், ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கைப் பித்தளைக் கம்பியால் எடுக்காமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பியவன் நான்தான். எத்தனையோ ஊரில் வேலை போயிருக்கிறது, இதுவும் போகட்டுமென்று முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அந்தம்மா இருக்கட்டும். நீ மோல்டச் சரி பண்ணிட்டுக் கெளம்புபா," என்றார் முதலாளி.

வெல்டு வைத்துத் தேய்த்து முடிக்க இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் அக்கா எனக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவந்தார்.