ஆத்தா எழுந்த பிறகு

எங்கள் ஊர் மாரியம்மன் இடது காலை மடித்து, வலது காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாள். தொங்கும் பாதத்தின் கீழே ஓர் அசுரன் தலை. மடித்த கால் நம்மைக் காப்பதற்கு, தொங்கும் கால் கெட்டவனை மிதிப்பதற்கு என்பார்கள். சின்ன வயதில் எனக்கு மிதிக்கிற கால்தான் பிடிக்கும். இன்றைக்கும் அதுதான்.

ஒரு தீமிதிக்குக் கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து கட்டை சுமந்து வந்தவர் என் அப்பா. வலது குதிகாலில் முள் ஏறி ரத்தம். கோயில் மேடையில் ஒரு காலை மடித்து, அடிபட்ட காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். அந்த வலிக்கு அப்படித்தான் உட்கார வரும். ஆனால் நாற்காலியில் இருந்த தர்மகர்த்தாவுக்கு அது வேறு மாதிரி பட்டது. அப்பா அவர் நிலத்துக் குத்தகைக்காரர்.

“இன்னாடா, நீயும் சாமியா? ஆத்தா மாதிரி கால தொங்கப் போட்டுக்கினு குந்திகினு கீற?”

கூட்டம் சிரித்தது.

“கால்ல முள்ளுங்க ஐயா…”

“எய்ந்திருடா. ஆத்தா எப்ப எய்ந்திரிக்கிறாளோ, அப்ப நீ குந்து.”

நெருப்பு அடங்கும்வரை அப்பா அந்தக் காலிலேயே நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். கல்லில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மாட்டாள். சாகும்வரை அப்பா அந்தக் கோயிலில் உட்காரவே இல்லை.

வளர்ந்ததும் நான் கோபுரங்களுக்குச் சுண்ணாம்புச் சிலைகள் செய்யும் சுதை வேலைக்குப் போனேன். போன மாசி மாதம் கோபுரத்துக்குப் புது அம்மன் செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். யார் மகன் என்று அதே தர்மகர்த்தா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அசுரனுக்கு அவருடைய சப்பை மூக்கை வைத்தேன், கன்னத்து மருவையும் வைத்தேன். மன்னிப்பதெல்லாம் பெரிய மனசுக்காரர்கள் வேலை. எனக்கு அது வராது.

ஒருநாள் தர்மகர்த்தா கைத்தடி ஊன்றி வேலையைப் பார்க்க வந்தார். சாரத்தின் மேல் நான் ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

“தம்பி, அசுரன் மூஞ்சி எங்கியோ பாத்தாப்ல கீதே?”

“ஊரே பாத்த மூஞ்சிதாங்க.”

கலவை குழைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“சரி சரி. முட்டி வலி ஜாஸ்தியா கீது. குந்த ஒரு ஸ்டூல் போடச் சொல்லுப்பா.”

“ஆத்தா எய்ந்திரிக்கட்டுங்க. அப்புறம் குந்துங்க.”

வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். கை தானாகக் கன்னத்து மருவுக்குப் போயிற்று.

“நீ… அவன் புள்ளயா?”

யாரும் ஸ்டூல் போடவில்லை. அவர் தலைக்கு நேர் மேலே என் வலது பாதம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் மடிக்கவில்லை.