லாபம், ரெண்டு, மூணு

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு மினிபஸ் ஓட்டும் கொளஞ்சியப்பனை அந்தப் பக்கத்தில் யாரும் கொளஞ்சியப்பன் என்று கூப்பிடுவதில்லை. ‘ரெண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘ரெண்டு வண்டிய எடுத்துட்டாரா’, ‘ரெண்டு டீ குடிக்கப் போயிருக்காரு, இரு’ என்பார்கள். கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டிப் பெற்ற பிள்ளை என்று தாய் தகப்பன் ஆசையாக வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டத்தை வைத்தவர் அதே வண்டியின் கண்டக்டர் தமிழழகன். அவருக்கும் ஐம்பது வயதாகிறது, வாய்க்கு மட்டும் வயதாகவில்லை. கள்ளக்குறிச்சி காடிக் கார் கழகத்தின் ஆண்டுப் பந்தயத்தில் கொளஞ்சியப்பன் மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாவது வந்தார். மூன்றாவது வருடம் தோற்ற மறுநாள் காலை, பஸ் படியில் நின்றுகொண்டு தமிழழகன், “ரெண்டு, போலாம் ரைட்!” என்று கத்தினார். முப்பது பேர் சிரித்தார்கள். மறுநாளைக்கு அது மலை மேலேயும் ஏறிவிட்டது.

காடிக் கார் என்பது உள்ளங்கை நீளத்தில் ஒரு கார். தங்கதுரையின் சைக்கிள் கடை மாடியில் எட்டு ப்ளைவுட் பலகைகளைச் சேர்த்துப் பாதை போட்டிருக்கிறார்கள். பாதை நெடுக ஆசாரி இரண்டு காடி, அதாவது ஒடுக்கமான பள்ளம், இழைத்துக் கொடுத்தார், ஒவ்வொன்றின் இரு ஓரத்திலும் செம்புத் தகடு ஒட்டி மின்சாரம் விட்டார்கள். காரின் அடியில் இருக்கும் முள் காடிக்குள் இறங்கிவிட்டால் கார் அதைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஓட்டுபவர் கையில் ஒரு விசை இருக்கும். அமுக்கினால் வேகம், விட்டால் நிதானம். வளைவில் கொஞ்சம் கூடுதலாக அமுக்கிவிட்டால் கார் காடியை விட்டு எகிறி, யாருடைய பெஞ்சுக்கு அடியிலோ போய்க் கவிழ்ந்து கிடக்கும். அதை எடுத்து மறுபடி வைக்கும்வரை கடிகாரம் நிற்காது. ஐந்து நிமிடத்தில் யார் அதிகச் சுற்று ஓடுகிறாரோ அவருக்குக் கோப்பை.

இருபது வருடமாகக் கல்வராயன் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஓட்டும் மனிதருக்கு இது கைவந்த கலையாக இருக்க வேண்டாமா? இருந்தது. வளைவுக்கு முன்னால் விடு, பாதி வளைவில் அமுக்கு. அவர் கார் எகிறுவது அபூர்வம். அவர் எகிறுவதுதான் அடிக்கடி நடந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து தகட்டையெல்லாம் துணியால் துடைத்து வைப்பார். பத்து நிமிடத்தில் ஒருவர் டீ டம்ளரை அதன்மேல் வைப்பார், இன்னொருவர் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோலை வளைவிலேயே உரித்துப் போடுவார். “இன்னாய்யா இது, பாதையா குப்பமேடா?” என்று கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். சுற்றை எண்ண ஒரு மின்னணு எந்திரம் வாங்கினார்கள். இரண்டே மாதத்தில் அதற்குள் எறும்பு குடியேறிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் உட்கார்ந்து வாயால் உரக்க எண்ண வேண்டும், அந்த எண்ணிக்கையே முடிவு என்று சுவரில் விதிப்பலகை மாட்டினார்கள்.

தோற்ற மூன்று தடவைக்கும் அவரிடம் காரணம் இருந்தது. முதல் வருடம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டு போய், மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டியதாயிற்று. இரண்டாம் வருடம், கவிழ்ந்த காரை எடுத்து வைக்க வேண்டியவர் போனில் மூழ்கியிருந்தார், பதினோரு விநாடி போயிற்று. மூன்றாம் வருடம் ஒரு சாண் இடைவெளியில் போயிற்று. சொன்னால், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்பார்கள். மூன்று வருடமும் ஜெயித்தவன் திருக்கோவிலூரில் செல்போன் கடை வைத்திருக்கும் இளவரசன். பணிவான பையன், தோற்கடித்துவிட்டு “சாரிண்ணே” என்பான். அந்தச் சாரியைக் கேட்டால் கொளஞ்சியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் பிறந்தது இரண்டாவது. பதினோரு வருடம் மாற்று டிரைவர். அவ்வளவு ஏன், மனைவி ராணியம்மாளை முதலில் பெண் பார்க்க வந்தவர்கூட இவரில்லை. அந்த மாப்பிள்ளை பஜ்ஜியைத் தின்றுவிட்டுச் சேலத்தில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்ட பிறகுதான் இவர் வீட்டுக்கு ஆள் வந்தது. இதையெல்லாம் அவர் பெரிதாக நினைத்ததில்லை, அந்தப் பட்டம் வரும்வரை. வந்த பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இந்த வருடமும் இரண்டாவது வந்தால் அந்தப் பெயர் செத்தாலும் போகாது என்று அவருக்குத் தெரியும். வடக்கனந்தல் பஸ் நிறுத்தத்தில் ‘கண்ணீர் அஞ்சலி: கொளஞ்சியப்பன் (எ) ரெண்டு’ என்று பிளெக்ஸ் தொங்குவதைக் கற்பனையில் பார்த்துவிட்டார். ஜெயித்தே ஆக வேண்டும்.

பந்தய நாளன்று காலை தமிழழகன் ஒரு பக்கக் கன்னத்தில் பணியாரம் அடக்கியதுபோல் வந்து நின்றார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள், வாயைத் திறக்க முடியவில்லை. கொளஞ்சியப்பனுக்கு எண்ண வேண்டியவர் அவர்தான். வருடம் முழுக்க ஓயாத வாய் இன்றைக்குப் பார்த்து ஓய்ந்திருக்கிறது. மற்ற யாரையும் நம்ப முடியாது, பாதிப்பேர் நடுவில் போன் வந்தால் எடுப்பார்கள்.

மாடியில் அப்போது ராணியம்மாள் இருந்தாள். வடக்கனந்தல் பஸ் நிறுத்தத்தில் அவித்த மல்லாட்டை விற்பவள். பந்தயம் பார்க்க வருபவர்களுக்கென்று தங்கதுரை பத்துப் படி சொல்லியிருந்ததால், கூடையோடு வந்து அளந்து கொட்டிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கழகம் தொடங்கிய ஆறு வருடத்தில் அவள் அந்த மாடிப்படி ஏறியது அன்றைக்குத்தான்.

“ராணி, ஒரு அஞ்சு நிமிசம் குந்து. என் காரு இந்தக் கோட்டத் தாண்டறப்ப எல்லாம் சத்தமா எண்ணிக்கினு வா. வேற ஒண்ணும் பண்ண வாணாம்.”

“பொம்ம காரு சுத்துறத எண்ணத்தான் எங்க அம்மா என்னப் பெத்தாளா மாமா?”

“உன் கால்ல வேணா வுழறேன்.”

“அதெல்லாம் வாணாம், எந்தக் காருன்னு சொல்லு.”

பச்சைக் கார் என்று காட்டிவிட்டு அவர் போய் விசையைப் பிடித்தார். பக்கத்தில் இளவரசன் சிவப்புக் காரோடு நின்றான். தங்கதுரைதான் நடுவர். கழுத்தில் விசில், கையில் நிறுத்துக் கடிகாரம், முகத்தில் கலெக்டர் களை. விசில் அடித்தார், கார்கள் பாய்ந்தன. பச்சைக் கார் முதல் சுற்று முடித்துக் கோட்டைத் தாண்டியது.

“லாபம்!” என்றாள் ராணியம்மாள், மாடி அதிர.

கொளஞ்சியப்பன் விசையை இறுகப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்க்க முடியாது, திரும்பினால் கார் எகிறும். “ரெண்டு!” என்று அடுத்த சுற்றுக்குக் கேட்டதும்தான் மூச்சு வந்தது. சந்தையில் படி போடும் எவரும் முதல் படியை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். முப்பது வருடமாகப் படி போட்ட வாய், காருக்கென்று மாறிவிடுமா? போகட்டும் என்று வளைவில் கண்ணை வைத்தார்.

அன்றைக்கு அவர் ஓட்டியதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். இளவரசன் கார் மின்னல்தான். ஆனால் மூன்று தடவை எகிறியது. இவர் கார் ஒரு தடவை எகிறியது, அதுவும் எவனோ போட்டுவைத்த மல்லாட்டைத் தோலில். விசில் ஊதியபோது பச்சைக் கார் அப்போதுதான் கோட்டைத் தாண்டியிருந்தது. “நாப்பத்தொண்ணு!” என்றாள் ராணியம்மாள். சிவப்புக் காருக்கு எண்ணியவர் நாற்பதில் இருந்தார், கார் அதற்கு மேல் முக்கால் சுற்று வந்திருந்தது. கொளஞ்சியப்பன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

“ஒரு நிமிசம்ணே, தப்பா எடுத்துக்காதீங்க,” என்றான் இளவரசன். “அக்கா ஒண்ணுன்னு சொல்லவே இல்லியே. லாபம்னாங்க. ஆரம்பிச்சதுக்கு வாழ்த்து சொல்றாங்கன்னு நெனச்சன். அத்த எடுத்துட்டா உங்களுக்கு நாப்பது. நான் நாப்பதே முக்கால்.”

யாரோ போனில் எடுத்திருந்த வீடியோவை நான்கு தடவை போட்டுக் கேட்டார்கள். நான்கு தடவையும் லாபம் என்றுதான் கேட்டது. ஐந்தாவது தடவை ஒன்று என்று கேட்டுவிடும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். தங்கதுரை விதிப்பலகைக்கு முன்னால் போய் நின்று, ஏதோ கல்வெட்டைப் படிப்பதுபோல் படித்தார். அரை மணி நேரம் போயிற்று. அங்கே இருந்த அத்தனை பேரும் காட்டில் பிறந்து களத்தில் வளர்ந்தவர்கள், லாபம் என்றால் என்னவென்று அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. விதிப்பலகை என்று ஒன்றை மாட்டிவிட்டால் மனிதனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது.

“எண்ணணும்னு எழுதியிருக்குது,” என்றார் தங்கதுரை கடைசியில். “லாபம் ஒரு எண்ணா? எண்ணு இல்ல. அதனால கொளஞ்சிக்கு நாப்பது. இந்த வருசமும் ரெண்டு...”

“யோவ், பிராது கட்டுவேன்யா!” கொளஞ்சியப்பன் கத்தினார். “உன் மேல, உன் விசில் மேல, அந்தப் பலக மேல, எல்லாத்து மேலயும் கொளஞ்சியப்பருக்கே பிராது கட்டுவேன்!” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை யாரும் பார்க்காமலிருக்கப் பாதையில் கிடந்த தோலைப் பொறுக்க ஆரம்பித்தார். நல்லபடியாக ஓட்டி, நல்லபடியாக ஜெயித்து, கட்டிய மனைவியின் வாயாலேயே மறுபடி இரண்டா? அவள் மேலும் கோபம் வந்தது. ஒன்று என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

ராணியம்மாள் எழுந்தாள். “தங்கதுரண்ணே, காத்தால நான் மல்லாட்ட அளக்கறப்ப சாக்கப் புடிச்சது யாரு?”

“நாந்தான்மா.”

“இன்னான்னு எண்ணினேன்?”

தங்கதுரைக்கு எங்கேயோ இடித்தது. “லாபம்... ரெண்டு... மூணு...”

“கடசில எத்தினி படின்னு வாங்கினீங்க?”

“பத்து.”

“ஒம்போதுதான் வந்துச்சு, ஒரு படி கம்மின்னு கேட்டீங்களா?”

அவர் கழுத்து விசிலைத் தடவிக்கொண்டார்.

“லாபம் கணக்குல சேராதுன்னா நான் பதினோரு படி போட்டிருக்கணும். பத்துதான் போட்டேன். அப்போ உங்க கணக்குப்படி ஒரு படி ஏமாத்திட்டன், இல்ல? முப்பது வருசமா வடக்கனந்தல்ல நான் எல்லாரையும் ஏமாத்திக்கினு இருக்கறன். நீங்களே மைக்குல சொல்லிடுங்கண்ணே.” கூடையிலிருந்து படியை எடுத்து டங்கென்று மேசைமேல் வைத்தாள். “இல்லன்னா லாபம் ஒண்ணுதான்னு சொல்லுங்க. ரெண்டுல எது?”

வாயில் மல்லாட்டையோடு இருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. வாயைத் திறக்க முடியாத தமிழழகன்கூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகிச் சிரித்தார். “அக்கா சொல்றது சரிதாண்ணே,” என்றான் இளவரசனே. “எங்க வூட்டுலயும் லாபம்னுதான் போடுவாங்க. எனக்கு அப்போ ஞாபகம் வரல.” வராமல் இருக்குமா, வரவிடவில்லை.

“சேரும்மா, சேரும். படிய எடு மொதல்ல,” என்றார் தங்கதுரை.

கோப்பையைக் கொடுக்கும்போது மைக்கில் ‘முதல் பரிசு’ என்று சொல்வார், அந்த ஒரு சொல்லைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்று கொளஞ்சியப்பன் நின்றார். தங்கதுரை தொண்டையைச் செருமி, “இந்த வருசத்து லாபம், நம்ம கொளஞ்சியப்பன்!” என்றார். மாடியே கைதட்டியது. கொளஞ்சியப்பனுக்கு மைக்கைப் பிடுங்கலாமா என்றிருந்தது.

காலிக் கூடைக்குள் கோப்பையை வைத்துக்கொண்டு இருவரும் பைக்கில் திரும்பும்போது கரும்பு லாரி ஒன்று வழியை மறித்துக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே ஊர்ந்தபடி அவர் சொன்னார்: “ஒண்ணுன்னு ஒரு வார்த்த வுட்டிருந்தா இத்தன ரகள இல்ல. எனக்குன்னு வந்தா மட்டும் யாருக்கும் ஒண்ணு வாயில வராது. உனக்கே நான் ரெண்டாவதா வந்து பாத்த மாப்பிள்ளதான?”

“எது, பஜ்ஜி தின்னுட்டுப் போனானே, அவனா மொதலு?” ராணியம்மாளுக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்துவிட்டது. “படியில வுழாதத எவளாவது எண்ணுவாளா? எனக்கு நீதான் மாமா லாபம். முப்பது வருசமா ஒரு நாளும் ஒண்ணுன்னு ஆரம்பிச்சதில்ல நான்.”

லாரியை முந்த இடம் கிடைத்தது, கொளஞ்சியப்பன் முந்தவில்லை. அவருக்கு அன்றைக்குக் கோப்பை கிடைத்த சந்தோஷம் அப்போதுதான் வந்தது.

நான்கு நாள் கழித்துக் கன்ன வீக்கம் வடிந்து, தமிழழகன் வேலைக்குத் திரும்பினார். மலை ஏறுமுன் கச்சிராயபாளையத்தில் தலை எண்ணுவது வழக்கம். அன்றைக்கு முன்னாலிருந்து ஆரம்பித்தார். டிரைவர் தோளைத் தட்டி, “லாபம்” என்றார். பிறகு முதல் சீட்டுக்காரரைத் தொட்டு, “ரெண்டு, மூணு...” என்று கடைசி வரைக்கும் போனார். முப்பத்திநாலு தலை, டிக்கெட் முப்பத்திமூணுதான். ஓர் ஆள் டிக்கெட் வாங்கவில்லை என்று மறுபடி எண்ணினார். மறுபடியும் முப்பத்திநாலு. வெள்ளிமலைக்குப் போக வேண்டியவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

“யோவ், டிரைவர எதுக்குய்யா சேத்து எண்ணிக்கினு இருக்கற?” என்று கத்தினார் கொளஞ்சியப்பன்.

“லாபம் கணக்குல சேரும்னு அக்காவே சொல்லிட்டாங்களே,” என்றார் தமிழழகன். பஸ்ஸே சிரித்தது. பின் சீட்டிலிருந்து ஒரு குரல், “லாபம் அண்ணே, வண்டிய எடுங்க, நேரமாச்சு!” என்றது.

கொளஞ்சியப்பன் தலையில் அடித்துக்கொண்டு முதல் கியரைப் போட்டார்.