கேட் மூடினால் சைமன் பேசுவார்

கொருக்குப்பேட்டைப் பக்கத்து ரயில்வே கேட் மூடிவிட்டால் போதும், சைமன் ஆட்டோவில் ஏறி நின்று மைக்கைப் பிடித்துவிடுவார். மற்ற வேட்பாளர்கள் சந்து பொந்தெல்லாம் அலைந்து ஓட்டுக் கேட்டார்கள். சைமன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வார்டே வந்து அவர் எதிரில் நின்றது. சரக்கு ரயில் போய் முடிகிறவரை யாரும் தப்பிக்க முடியாது. கட்சிக்காரர்கள் பிரியாணி போட்டுச் சேர்க்கிற கூட்டம் அவருக்குச் சும்மாவே சேர்ந்தது. இப்படி ஒரு யோசனை வேறு எவனுக்காவது வந்ததா?

சைமன் என்ன லேசுப்பட்ட ஆளா! ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கி, மேஸ்திரியாகி, சொந்தமாக லாரி வாங்கி, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து, இப்போது சுயேச்சையாகக் கவுன்சிலருக்கு நிற்கிறார்.

அன்றும் கேட் மூடியது.

"வார்டு ஜனங்களே! நான் ஜெயிச்சா மொத வேலை இன்னா தெரியுமா? இந்தக் கேட்ட எட்த்துட்டு சுரங்கப்பாதை! அப்பால ஒர்த்தரும் இங்க நிக்கவே வேணாம்!"

விசில் பறந்தது. சைமன் மீசையைத் தடவிக்கொண்டார். அப்போது ஓரத்து வடைச் சட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யோவ்! ஒர்த்தரும் நிக்கலன்னா என் வடைய யாரு துன்றது? உங்க பாட்டனா?"

வேறு யாருமில்லை, வேட்பாளரின் பெண்டாட்டி எல்சிதான். கேட் மூடினால்தான் அவளுக்கு வியாபாரம். லாரி ரிப்பேராகி ஷெட்டில் படுத்துக் கிடந்த காலத்தில் வீட்டில் உலை கொதித்ததே அந்தச் சட்டியால்தான். அதை மட்டும் சைமன் மைக்கில் சொல்வதில்லை.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கடலை வண்டிக்காரன் மணியும் சேர்ந்துகொண்டான். "அக்கா கேக்கறது நாயம். என் பொயப்பு இன்னா ஆவறது? சொல்லு மாமு!"

"எல்சி, பேஜாரு பண்ணாத. வூட்ல பேசிக்கலாம்."

"வூட்ல நீ எங்க பேசற? கொறட்டதான் வுடற. மைக்குலியே சொல்லு. இல்லாங்காட்டி என் ஓட்டு உனுக்குக் கெடையாது!"

சைமனுக்கு வேர்த்துவிட்டது. பெண்டாட்டியே ஓட்டுப் போடாத வேட்பாளர் என்ற பேச்சு பொழுது சாய்வதற்குள் காலடிப்பேட்டை போய்ச் சேர்ந்துவிடும். ரயிலின் கடைசிப் பெட்டி வேறு தெரிந்தது. கேட் திறந்தால் இந்தச் சிரிப்போடுதான் எல்லோரும் கிளம்புவார்கள். இறக்கும் இடம் பார்க்காமல் எந்த மூட்டையையும் தூக்காதவர், இதைத் தூக்கிவிட்டு முழித்தார். சட்டென்று மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தார்.

"மாத்திச் சொல்றேன், கேட்டுக்கோங்க! மொத வேலை, பாதையோட ரெண்டு பக்கமும் இந்தக் கடைங்களுக்குப் பக்காவா எடம். ரெண்டாவது, மயத்தண்ணி ஓட கால்வா. அதெல்லாம் முடிஞ்சாத்தான் பள்ளமே தோண்டுவேன்!"

"கால்வா இன்னாத்துக்கு மாமு?"

"சுரங்கத்துல தண்ணி ரொம்பிட்டா, உங்க அக்கா வடைய போட்ல வந்தா வாங்குவ?"

கேட் உயர்ந்தது. எப்போதும் பாதிப் பேச்சிலேயே பறந்துவிடுகிற கூட்டம் அன்று எல்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக் கத்தின. எல்சி நிதானமாக ஒரு வடையை எண்ணெய் வடித்து எடுத்து, பேப்பரில் வைத்து, ஆட்டோவரை வந்து நீட்டினாள்.

"துன்னு. சொன்னத செய்யல, சட்டியும் இங்கதான் கீது, எண்ணெயும் காஞ்சிகினுதான் கீது."

சைமன் அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். நாக்கு வெந்து கண்ணில் தண்ணீர் முட்டியது. அதோடு மைக்கை உயர்த்தினார்.

"பாத்துக்கோங்க! மொத ஓட்டு நம்ளுக்கு வுழுந்துச்சி!"